ஜி.பி. சர்ஜரியில் நோயாளித் தன்னார்வலராகச் சேர: முதல் மின்னஞ்சலில் இருந்து முதல் வேலை வரை

"வியாழக்கிழமை சர்ஜரிக்குப் போகிறேன்" என்று ஊரில் இருக்கும் அத்தையிடம் ஒருமுறை போனில் சொல்லிவிட்டேன். யாருக்கு ஆபரேஷன், எந்த இடத்தில் என்று பதறி, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும் அளவுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்குத்தான் சர்ஜரி என்று பெயர். அங்கே பதிவு செய்த நோயாளிகளே சேர்ந்து கைகொடுக்கும் குழு ஒன்று உண்டு: பேஷன்ட் பார்ட்டிசிபேஷன் குரூப், சுருக்கமாக பி.பி.ஜி. வடமேற்கு லண்டனில் அப்படி ஒரு குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். நாலாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்யப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இதில் வரிசை முக்கியம். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடுகள் வேறு.

1. சேருவதற்கு முன் உங்கள் சொந்தப் புகாரை முடித்துவிடுங்கள்

நீங்கள் அந்தச் சர்ஜரியில் பதிவு செய்த நோயாளியாகவோ, அங்கே பதிவு செய்த ஒருவரைப் பார்த்துக்கொள்பவராகவோ இருக்க வேண்டும். மருத்துவ அறிவு தேவையில்லை. மாதம் மூன்று மணி நேரமும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு நோட்டும் போதும்.

இன்னொரு தேவையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தச் சர்ஜரி மேல் உங்களுக்குத் தீராத கோபம் ஏதாவது இருந்தால், முதலில் அதை முறைப்படி முடித்துவிட்டு வாருங்கள். சர்ஜரியின் நிர்வாகத்தைப் பார்க்கும் பிராக்டிஸ் மேனேஜருக்குப் புகார் எழுதலாம். அவரிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் உங்கள் பகுதியின் மருத்துவ சேவைகளைத் திட்டமிடும் இன்டகிரேட்டட் கேர் போர்டுக்கு எழுதலாம். பொதுவாகச் சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் எழுத வேண்டும். பதில் சரியில்லை என்றால், புகார்களைத் தனியாக விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் வரை போகலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பி.பி.ஜி. தனிப்பட்ட புகாரைத் தீர்க்கும் இடம் இல்லை. என் முதல் கூட்டத்தில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று தாமதமான கதையை இருபது நிமிடம் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த இரண்டு கூட்டங்களில் நான் வாய் திறந்தாலே மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

2. மேனேஜருக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை காலை போய் நிற்காதீர்கள்

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஜி.பி. சர்ஜரிக்கும் ஒரு பி.பி.ஜி. இருக்க வேண்டும் என்பது 2015 ஏப்ரலில் இருந்து, என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையோடு சர்ஜரிகள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் சில இடங்களில் ஒழுங்காகக் கூடுகிறார்கள். சில இடங்களில் அது மின்னஞ்சல் பட்டியலாக மட்டும் இருக்கும். சில இடங்களில் இணையதளத்தில் ஒரு பக்கத்தோடு சரி. உங்களுடையது எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் பிராக்டிஸ் மேனேஜருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல். நான் இங்கே நோயாளி, எனக்குத் தமிழ் தெரியும், மாதம் இத்தனை மணி நேரம் வர முடியும், உங்களுக்கு இப்போது எந்த வேலைக்கு ஆள் வேண்டும்? அவ்வளவுதான். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் "நான் இதைச் செய்யட்டுமா" என்று வரும். "என்ன வேண்டும்" என்று கேட்பவருக்குப் பதில் சீக்கிரம் வரும்.

நேரில் போவதென்றால் புதன், வியாழன் பிற்பகல் போங்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் போனையும் வரிசையையும் ஒன்றாகச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். "ஒப்பந்தத்தில் இருக்கிறது, நீங்கள் எங்களைச் சேர்த்தே ஆக வேண்டும்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உண்மைதான், ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் டீ கொடுக்க மாட்டார்கள்.

3. ரகசியம் காப்பதற்குக் கையெழுத்துப் போட்ட பிறகே உள்ளே

ரகசியம் காப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். வாங்காவிட்டால் நீங்களே கேளுங்கள். குற்றப் பின்னணியைப் பார்க்கும் டி.பி.எஸ். சோதனை தேவையா என்பதை வேலையைப் பொறுத்துச் சர்ஜரி முடிவு செய்யும். கூட்டத்தில் உட்காருவதற்கு மட்டும் பொதுவாகக் கேட்பதில்லை.

நம்மவர்களுக்கு இந்தத் தாள் இரண்டு மடங்கு முக்கியம். காத்திருக்கும் அறையில் பார்ப்பவரை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலிலும் வெள்ளிக்கிழமை கோயிலிலும் பார்ப்பீர்கள். என்னைக் கண்டதும் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: சர்ஜரிக்குள் தெரிந்தவரைப் பார்த்தால் நானாக வணக்கம் சொல்வதில்லை. அவர் சிரித்தால் சிரிப்பேன். வெளியே பார்க்கும்போது "அன்றைக்கு வந்தீர்களே, என்ன ஆச்சு?" என்று கேட்பதே இல்லை.

நோயாளிகளின் பதிவு இருக்கும் திரை எதையும் பார்க்கக் கூடாது, ஊழியர்கள் "கொஞ்சம் இதைப் பாருங்களேன்" என்றாலும் கூட. காத்திருக்கும் அறையில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. பின்னால் யாருடைய முகம் விழுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

4. சர்ஜரி எதை மாற்ற முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

யோசனை சொல்லும் முன் யார் யார் அங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர், நர்ஸ் தவிர ரத்தம் எடுக்கும் உதவியாளர், மருந்துகளைச் சரிபார்க்கும் பார்மசிஸ்ட், பிசியோ, தனிமை, கடன், வீட்டுப் பிரச்சினை போன்றவற்றுக்கு வழிகாட்டும் சோஷியல் பிரிஸ்கிரைபர் என்று பலர் உண்டு. இவர்களில் சிலர் பக்கத்துச் சர்ஜரிகளுக்கும் பொதுவானவர்கள். 30,000 முதல் 50,000 நோயாளிகள் வரை சேர்ந்த பிரைமரி கேர் நெட்வொர்க் வழியாக வருகிறார்கள்.

மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல், ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு கட்டணம் போன்றவை சர்ஜரியின் கையில் இல்லை. போனில் ஒலிக்கும் பதிவுச் செய்தி, கடிதங்களின் மொழி, குறுஞ்செய்தி வரும் நேரம், அறிவிப்புப் பலகை ஆகியவை அவர்கள் கையில் இருக்கின்றன. உங்கள் மூச்சை இரண்டாவது ரகத்துக்குச் செலவிடுங்கள்.

சில தகவல்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் தினமும் பயன்படும். 2025 அக்டோபரில் இருந்து, சர்ஜரியிடம் உதவி கேட்டு அனுப்பும் இணையப் படிவம் வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்திருக்க வேண்டும். பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தில் தொண்டை வலி, காது வலி, சைனஸ், அக்கி, பூச்சிக்கடித் தொற்று, இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று, பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கு, வயதும் நிலையும் பொருந்தினால், டாக்டரைப் பார்க்காமலே மருந்துக்கடையில் மருந்து வாங்கலாம். 60 வயதானவர்களுக்கு மருந்து இலவசம். 60 ஆகாவிட்டாலும் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் வாங்கலாம், அதற்கான எஃப்.பி.92ஏ படிவம் சர்ஜரியில் கிடைக்கும். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

5. காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு கேள்வி

ஜி.பி. பேஷன்ட் சர்வே என்ற தேசியக் கணக்கெடுப்பு வருடாவருடம் நடக்கிறது. உங்கள் சர்ஜரிக்கான முடிவு தனியாக இணையத்தில் இருக்கும். அதை முதலில் படியுங்கள், கேட்டதையே திரும்பக் கேட்க வேண்டாம்.

புதியவர்கள் எல்லோரும் இருபது கேள்விப் படிவத்தோடு வருவார்கள். மூன்றாவது கேள்வியில் டாக்டர் கூப்பிட்டுவிடுவார். இன்னொரு தப்பு, "திருப்தியா?" என்று கேட்பது. நம் ஆட்கள் "ம்ம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் போய் வேறு கதை சொல்வார்கள்.

நான் கேட்பது: "போன தடவை டாக்டரைப் பார்க்கணும்னு தோணினதும் முதல்ல என்ன செஞ்சீங்க? அப்புறம்?" இதற்கு மரியாதைக்குப் பொய் சொல்ல முடியாது. போன் செய்தேன், ஆங்கிலத்தில் ஏதோ ஓடியது, வைத்துவிட்டேன், மகனுக்காகக் காத்திருந்தேன், மூன்று நாள் ஆகிவிட்டது என்று முழுக் கதையும் வரும். எங்கே கயிறு அறுந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பெயர் எழுதாதீர்கள். அந்த அறுந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. சின்ன வேலை ஒன்று, ஒன்றே ஒன்று

இந்த இடத்தில்தான் "ஆரோக்கிய விழா நடத்துவோம்" என்று யாராவது சொல்வார்கள். மண்டபம், பேச்சாளர், வடை, பேனர். வேண்டாம். வருகிறவர்கள் ஏற்கனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள். சர்ஜரி ஊழியர்களுக்கும் அது கூடுதல் சுமை.

ஊழியர்களின் வேலை குறைய வேண்டும், நோயாளிக்கு அன்றே பயன் தெரிய வேண்டும், மருத்துவ ஆலோசனை எதுவும் கலக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தும் வேலையாக எடுங்கள். நாங்கள் எடுத்த இரண்டை விவரமாகச் சொல்கிறேன்.

7. என்.எச்.எஸ். ஆப் மேசை

வழக்கமான மருந்து கேட்கவும் பரிசோதனை முடிவு பார்க்கவும் உதவும் போன் செயலிதான் என்.எச்.எஸ். ஆப். அதில் நோயாளிகள் பதிந்துகொள்ள உதவுவதுதான் வேலை. வியாழன் பிற்பகல் இரண்டு மணி நேரம், காத்திருக்கும் அறையின் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு வாரம் முன்பே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: உங்கள் போன், பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸ், உங்கள் சொந்த மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும் கொண்டு வாருங்கள். "சொந்த" என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு மின்னஞ்சலுக்கு ஒருவர்தான் பதிய முடியும். கணவனும் மனைவியும் ஒரே முகவரி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அது மான்செஸ்டரில் இருக்கும் மகளுடையதாக இருக்கும். நாம் இங்கே பதியப் பதிய, உறுதி செய்யும் செய்தி மகளுக்குப் போகும், மகள் மீட்டிங்கில் இருப்பாள். ஆகவே முதல் வேலை மின்னஞ்சல். இல்லையென்றால் புதிதாக ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெயர். இதைப் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும் முன் பார்க்க வேண்டும். ஆப் கேட்கும் விவரங்கள் என்.எச்.எஸ். பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் பாதியில் நின்றுவிடும். தமிழர்களின் பெயரில் இது அடிக்கடி நடக்கும்: எது நம் பெயர், எது அப்பா பெயர் என்று பதிந்தவருக்குத் தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருக்கு மூன்று முறை முயன்றும் நடக்கவில்லை. வரவேற்பில் கேட்டுப் பார்த்தால், இருபது வருடமாக அவருடைய அப்பாவின் பெயர் அவருடைய முதற்பெயராகப் பதிவாகியிருந்தது. காத்திருக்கும் அறைத் திரையிலும் அந்தப் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. "தம்பி, அப்பு செத்து நாப்பது வருசம், இன்னும் அவரைத்தான் உள்ளுக்குக் கூப்பிடினம்" என்றார். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) பாஸ்போர்ட்டைக் காட்டித் திருத்தியதும் அடுத்த வாரம் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் ஸ்கேனும் முகப் பதிவும். புகைப்பட அடையாளம் இல்லாதவர்களுக்குச் சர்ஜரியே மூன்று பதிவு விவரங்களைத் தாளில் தரும். அதை வைத்து உள்ளே போகலாம். அது வரவேற்பு ஊழியரின் வேலை, உங்களுடையது இல்லை.

நான்காவது, அங்கேயே ஒரு வேலையைச் செய்ய வையுங்கள். வழக்கமாக எடுக்கும் மாத்திரை ஏதாவது தீரப்போகிறது என்றால் அதை ஆப்பிலேயே கேட்க வையுங்கள். ஒருமுறை தன் விரலால் செய்தவர் மறப்பதில்லை.

முழு நேரமும் போன் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஆப் திறந்ததும் சிலர் நேராகப் பரிசோதனை முடிவுக்குப் போய், "அப்நார்மல்னு போட்டிருக்கே, என்ன?" என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். "இதை நான் சொல்லக் கூடாதும்மா, வாங்க, வரவேற்பில் சொல்லி யாரையாவது உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லலாம்" என்று எழுந்து கூடவே நடங்கள். உட்கார்ந்தபடி "போய்க் கேளுங்கள்" என்றால் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆப் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். போனிலும் நேரிலும் கேட்கும் வழி அவர்களுக்குத் தொடர்ந்து இருக்கிறது.

8. தபாலில் வரும் மலப் பரிசோதனைப் பெட்டி

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, ஜி.பி.யிடம் பதிவு செய்திருந்தால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கு வரும். உள்ளே ஒரு குச்சியோடு சின்ன பாட்டில், திருப்பி அனுப்ப முத்திரை தேவைப்படாத உறை. அவ்வளவுதான். ஆனால் பல வீடுகளில் அது ஃப்ரிட்ஜ் மேல் தூங்குகிறது.

சர்ஜரியிடம் ஒரு மாதிரிப் பெட்டி கேட்டு வாங்கி மேசையில் திறந்து வையுங்கள். படத்தைக் காட்டுவதை விட, குச்சி எவ்வளவு சின்னது என்று கையில் எடுத்துப் பார்த்தால் பயம் போய்விடுகிறது. மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழும் முன் பழைய ஐஸ்கிரீம் டப்பா போன்ற ஒன்றிலோ டிஷ்யூத் தாளிலோ பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் கேட்க நினைப்பது அதைத்தான், யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பாட்டிலில் தேதி எழுத மறந்துவிடுவதும் உண்டு.

சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "கேன்சர் டெஸ்ட்" என்று ஆரம்பித்தால் "எனக்கு எதுக்கு?" என்று எழுந்துவிடுவார்கள். "உங்க வயசுல எல்லாருக்கும் வர்ற பெட்டி, வந்துச்சா?" என்றால் பேச்சு ஓடும். பெண்களிடம் பெண் தன்னார்வலர் பேசுவது நல்லது.

யாராவது "எனக்கு ரத்தம் போகுது" என்று சொன்னால் பெட்டிப் பேச்சை நிறுத்துங்கள். அது அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை. அவரை அப்போதே டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்க அழைத்துப் போங்கள்.

9. டாக்டர் அறைக்குள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள்

தமிழ் தெரிந்த தன்னார்வலர் என்றதும் இந்த வேலை கட்டாயம் வரும். டாக்டரே கேட்பார், நோயாளியும் கெஞ்சுவார். மறுத்துவிடுங்கள். என்.எச்.எஸ். சர்ஜரியில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் நோயாளிக்கு இலவசம். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும், கூடுதல் நேரமும் வேண்டும்" என்று கேட்க வேண்டும்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: "மயக்கமா வருது." சிலருக்கு அது தலைச்சுற்றல். சிலருக்கு நினைவு தப்பி விழுவது. டாக்டருக்கு இரண்டும் வேறு வேறு வழி. பயிற்சி பெற்றவர் நிறுத்தி, எது என்று கேட்டுச் சொல்வார். நாம் நமக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுவோம். பேரப்பிள்ளையைக் கூட்டி வந்து பாட்டியின் மாதவிடாய்க் கதையை மொழிபெயர்க்க வைப்பதும் நடக்கிறது. அந்தக் குழந்தை எதைச் சொல்லும், எதை விடும்?

நம்மால் முடிவது ஒன்று உண்டு. "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சின்ன அட்டை. பர்ஸில் வைத்துக்கொண்டு வரவேற்பில் காட்டினால் போதும். நாங்கள் செய்ததிலேயே செலவு குறைந்த வேலை அதுதான். அதிகம் தீர்ந்துபோவதும் அதுதான்.

10. கூட்டம்

ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சர்ஜரி தரப்பில் முடிவெடுக்கக் கூடிய ஒருவர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நமக்கு நாமே பேசிக்கொண்டிருப்போம். குறிப்பு ஒரு பக்கம்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். போன தடவை கேட்டதில் எது நடந்தது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நடக்காததையும் காரணத்தோடு ஒட்டுங்கள். தரச் சோதனைக்கு கேர் குவாலிட்டி கமிஷன் வரும்போது பி.பி.ஜி.யிடமும் பேசுவது உண்டு. அன்றைக்கு இந்தத் தாள்கள் கையில் இருந்தால் நினைவிலிருந்து பேச வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும் இளம் தாய்மார்களும் டாக்சி ஓட்டுபவர்களும் மாலைக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்களை மின்னஞ்சலில் கேளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. ஓய்வு பெற்ற ஏழு பேர் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்தால், ஏழு பேருக்கும் பொதுவான கார் நிறுத்துமிடம்தான் எப்போதும் முதல் தலைப்பாக இருக்கும்.

11. அக்டோபர் சனிக்கிழமை

ஃப்ளூ ஊசி முகாம் புதியவர்களைப் பழக்க நல்ல நாள். 65 வயது தாண்டியவர்களும் வேறு நோய் உள்ளவர்களும் வரிசையாக வருவார்கள். வாசலில் இருவர் போதும். ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலி போட. முந்தின வாரமே தகவலில் உடையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். மூன்று ஸ்வெட்டருக்கு அடியில் இறுக்கமான ரவிக்கைக் கை என்றால் நர்ஸின் ஐந்து நிமிடம் அங்கேயே போய்விடும். ஊசி போடலாமா, அலர்ஜி இருக்கிறதே என்ற கேள்விகளை அப்படியே நர்ஸிடம் திருப்பிவிடுங்கள்.

சூடான குடிநீர், தொப்பி, இரண்டு பேனா கொண்டு வாருங்கள். ஒரு பேனா பத்து மணிக்குள் யாருடைய பையிலாவது போய்விடும்.